ஓட்டுப் போட்டவர்களும் உள்ளே போனவர்களும்

போன ஞாயிறு ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் ஒரு பழைய பேப்பர் கடையில், எடைக்கு வந்த கட்டு ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அதையே பார்த்துக்கொண்டு நின்ற கல்லூரித் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணா, இந்த சூப்பர் ஹீரோ காமிக்ஸ்ல ரசிகருங்க சொல்லி கதையே மாறியிருக்காமே, மெய்யாலுமா? இல்ல, கடிதம், ஓட்டு எல்லாம் புக்கு விக்கிறதுக்கு வுடுற ரீலா?" நான் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரர், "எடுக்கறதா இருந்தா எடுங்க, வழிய மறைச்சினு நிக்காதீங்க" என்று தராசைத் தட்டினார். நின்ற இடத்தில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை. அதனால் எழுதியே தருகிறேன்.

தம்பி, நீ கேட்ட இரண்டுமே நடந்திருக்கிறது. ரீலும் உண்டு, மெய்யும் உண்டு. முதலில் ரீலை முடித்துவிடுவோம்.

எல்லாரும் எடுத்த எடுப்பில் சொல்வது பேட்மேன் கதையைத்தான். பேட்மேனோடு கூடவே சுற்றும் துணைப் பையனுக்கு ராபின் என்று பெயர். 1988-ல் இரண்டாவது ராபினாக இருந்த ஜேசன் டாட் என்ற பையனை வில்லன் ஜோக்கர் அடித்துப் போட்டு, குண்டும் வைத்துவிடுகிறான். பையன் பிழைக்கட்டுமா, சாகட்டுமா? இரண்டு போன் நம்பர் கொடுத்தார்கள். ஒரு அழைப்புக்கு 50 சென்ட், நேரம் 36 மணி. சாகட்டும் என்று 5,343 ஓட்டு, பிழைக்கட்டும் என்று 5,271. வெறும் 72 ஓட்டில் பையன் போய்ச் சேர்ந்தான். கேட்கப் பரபரப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு முடிவுக்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்துக்கொண்டுதான் கேட்டார்கள். நம் டிவி பாட்டுப் போட்டிக்கு எஸ்எம்எஸ் அனுப்புகிற மாதிரி. ரசிகன் அதில் எதையும் உண்டாக்கவில்லை, காசு கொடுத்துக் கை தூக்கினான், அவ்வளவுதான். 2005-ல் அந்தப் பையனை உயிரோடு திரும்பக் கொண்டுவந்தும் விட்டார்கள்.

நிஜமாகவே ரசிகர்கள் கையில் வளர்ந்த தொடர் என்று நான் சொல்வது வேறொன்றை. அதன் பெயர் லீஜியன் ஆஃப் சூப்பர் ஹீரோஸ். இங்கே அதிகம் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். நான் பார்த்த வரை தமிழில் வந்ததில்லை. அதைப் படை என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

1958 ஏப்ரல் தேதியிட்ட அட்வென்ச்சர் காமிக்ஸ் 247-வது இதழ். ஓட்டோ பைண்டர் எழுத்து, அல் பிளாஸ்டினோ ஓவியம். சூப்பர்மேன் சின்னப் பையனாக, சூப்பர்பாயாக இருக்கும் ஊருக்கு மூன்று விடலைகள் வருகிறார்கள். காஸ்மிக் பாய், சாட்டர்ன் கேர்ள், லைட்னிங் பாய். ஆயிரம் வருஷம் தாண்டி, 30-ஆம் நூற்றாண்டிலிருந்து வந்தவர்கள். சூப்பர்பாயைப் பற்றி வரலாற்றில் படித்துப் படித்து, அவனை முன்மாதிரியாக வைத்து ஒரு கிளப் நடத்துகிறார்கள். "எங்க கிளப்ல சேர வா" என்று கூப்பிட வந்திருக்கிறார்கள். ஒரே இதழோடு முடிந்துபோக வேண்டிய கதை. எடிட்டர் மார்ட் வெய்சிங்கருக்கு அவர்களைத் திரும்பக் கொண்டுவரும் எண்ணம் இல்லை. கடிதங்கள் வந்தன. அந்தப் பசங்க எங்கே, மறுபடி எப்போது வருவார்கள் என்று. 1959 கடைசியில் ஒரு தடவை வந்தார்கள். அப்புறம் அங்கங்கே தலைகாட்டினார்கள். 1962-ல் 300-வது இதழிலிருந்து அட்வென்ச்சர் காமிக்ஸிலேயே சொந்தத் தொடர் கிடைத்தது. பிறந்ததே கடிதத்தால்தான் என்று சொன்னாலும் தப்பில்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனி. எனக்கு இது புரிய வெகு நாள் ஆனது. அந்தப் படை எப்படிப்பட்டது? ஒரு பெரிய ஆளுக்கு ரசிகர்களாக இருக்கும் பசங்க சேர்ந்து ஆரம்பித்த மன்றம். உறுப்பினர் சேர்க்கை உண்டு, சட்டதிட்டம் உண்டு, தலைவர் தேர்தல் உண்டு, ஒழுங்கு நடவடிக்கை எடுத்து நீக்குவதும் உண்டு. ஒருவனுக்கு இருக்கும் சக்தி இன்னொருவனுக்கு இருக்கக் கூடாது என்பது விதி. கல்யாணம் ஆனால் விலகிக்கொள்ள வேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. வண்ணாரப்பேட்டை, காசிமேடு பக்கம் தெருவுக்கொரு ரசிகர் மன்றமும் கேரம் கிளப்பும் பார்த்து வளர்ந்தவனுக்கு இதை விளக்கவே வேண்டாம். செயலாளர், பொருளாளர், லெட்டர் பேடு, சந்தா பாக்கி வைத்தவனைச் சேர்க்காதே என்ற தகராறு வரைக்கும் தெரியும். சூப்பர்மேன் ஒரே ஆள். அவனிடம் வாசகனுக்கு வேலை இல்லை, அண்ணாந்து பார்க்கலாம். மன்றம் என்றால் ஆள் சேர்க்க வேண்டும், தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கதைக்குள்ளேயே காலி நாற்காலி கிடந்தது. அமெரிக்கப் பிள்ளைகள் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

கடிதப் பக்கத்தில் இதற்கென்றே ஒரு பகுதி வந்தது. புது உறுப்பினருக்கு என்ன சக்தி தரலாம், என்ன பெயர் வைக்கலாம் என்று வாசகர்கள் எழுதி அனுப்புவதை அதில் போடுவார்கள். படையின் தலைவர் யார் என்பதற்கும் அவ்வப்போது வாசகர்கள் ஓட்டுப் போட்டார்கள். ஓட்டில் ஜெயித்த ஆள் கதையிலும் தலைவராகிவிடுவார். எழுத்தாளர் வேறு யாரையாவது மனதில் வைத்திருந்தாலும் சமாளித்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான்கூட ஓட்டுப் போட்டிருக்கிறேன் தெரியுமா? சிரிக்காதே. மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்துபோவதற்கு முந்தைய வருஷம், அங்கே அட்டை கிழிந்த அமெரிக்கப் புத்தகங்கள் சல்லிசாகக் கிடைக்கும். என் அப்பாவுக்கு ஹார்பரில் மூட்டை தூக்கும் வேலை. வாரக் கூலி வந்த அன்று என்னையும் கூட்டிக்கொண்டு போவார். அப்படி வாங்கிய ஒரு இதழின் கடிதப் பக்கத்தில், தலைவர் தேர்தலுக்கு ஓட்டு அனுப்பச் சொல்லி நியூயார்க் முகவரி போட்டிருந்தது. எனக்குப் பிடித்தவன் பௌன்சிங் பாய். குண்டுப் பையன். பந்து மாதிரி ஊதிக்கொண்டு சுவரில் மோதி மோதித் துள்ளுவான், அதுதான் அவன் சக்தி. எங்கள் தெரு கிரிக்கெட் டீமில் என்னை எப்போதும் கடைசியாகத்தான் எடுப்பார்கள், அதனால் அவன்மேல் எனக்கு ஒரு பாசம். ராயபுரம் போஸ்ட் ஆபீசில் நீல நிற ஏரோகிராம் வாங்கினேன். பிசின் பாட்டிலில் குச்சி இல்லை, விரலால் தடவி ஒட்டினேன். அதில் அவன் பெயரை மூன்று தடவை எழுதியிருந்தேன், எழுத்துப் பிழை இருந்தால் ஒன்றாவது சரியாக இருக்கட்டும் என்று.

பதில் வரவில்லை. வருமா? முதல் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் வருஷம் அச்சிட்டிருப்பார்கள் என்று பிறகுதான் ஒருவர் சொன்னார். எடுத்துப் பார்த்தால் இதழ் ஆறேழு வருஷம் பழையது. தேர்தல் முடிந்து, ஜெயித்தவர் பதவிக்காலமும் முடிந்திருக்கும். அதைவிடப் பெரிய கூத்து, பௌன்சிங் பாய்க்கு 1974-ல் சூப்பர்பாய் 200-வது இதழிலேயே கல்யாணம் ஆகிவிட்டது. மன்ற விதிப்படி அவன் நிற்கவே முடியாது. செல்லாத தேர்தலில் செல்லாத வேட்பாளருக்குச் செல்லாத ஓட்டு.

சரி, விஷயத்துக்கு வருவோம். படையில் சேர வந்து, தேர்வில் தோற்று, வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களை வைத்து 1963-ல் எட்மண்ட் ஹாமில்டன் ஒரு கதை எழுதினார். குளிரை உண்டாக்கும் போலார் பாய், இருட்டில் மட்டும் பலம் வரும் நைட் கேர்ள், கல்லாக மாறிவிட்டால் அசையவே முடியாத ஸ்டோன் பாய். இவர்கள் சேர்ந்து தனியாக ஒரு மாற்றுப் படை வைத்துக்கொள்கிறார்கள். ஒரே கதையில் தீர்ந்துபோகாமல் அவர்கள் காலங்காலமாக நிலைத்தார்கள். தேர்வில் தோற்ற போலார் பாய் இருபது வருஷம் கழித்து உண்மையான படைக்குள்ளேயே வந்து, பிறகு தலைவனாகவும் ஆனான். எழுதி அனுப்பிய நூறு பேரில் தொண்ணூற்று ஒன்பது பேரின் யோசனை குப்பைக்குத்தான் போகும். அந்தத் தொண்ணூற்று ஒன்பதுக்கும் இந்தக் கதையில் ஒரு இடம் இருந்தது என்று எனக்குத் தோன்றும்.

அந்த மீதி ஒருவன் யார் என்றால், ஜிம் ஷூட்டர். பிட்ஸ்பர்க் நகரத்துப் பையன், அப்பா இரும்பு ஆலைத் தொழிலாளி. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அங்கே கிடந்த காமிக்ஸைப் புரட்டியிருக்கிறான். மார்வெல் கம்பெனிக் கதைகள் விறுவிறுப்பாக இருக்கின்றன, டிசி கம்பெனிக் கதைகள் (பேட்மேன், சூப்பர்மேன், இந்தப் படை எல்லாம் அவர்களுடையதுதான்) சப்பென்று இருக்கின்றன என்று பட்டிருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் "உங்கள் கதை போர்" என்று ஒரு கடிதம் போட்டிருப்பார்கள். இவன் மார்வெல் இதழ்களை உட்கார்ந்து பாடம் படிக்கிற மாதிரிப் படித்து, பதின்மூன்று வயதில் படையை வைத்து ஒரு முழுக் கதை எழுதி, கட்டம் கட்டமாகப் படமும் போட்டு அனுப்பிவிட்டான். வெய்சிங்கர் வாங்கிக்கொண்டார். 1966 ஜூலை தேதியிட்ட அட்வென்ச்சர் காமிக்ஸ் 346-வது இதழில் அது வந்தபோது பையனுக்கு வயது பதினான்கு. கராத்தே கிட், பிரின்சஸ் புரொஜெக்ட்ரா, ஃபெரோ லேட் என்று புது உறுப்பினர்கள் அந்தக் கதையிலேயே வந்தார்கள். அவன் எழுதிச் சம்பாதித்த காசு வீட்டுச் செலவுக்குப் போனது. முதல் தடவை நியூயார்க் ஆபீசுக்குப் போனபோது துணைக்கு அம்மா.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், தொடரின் தன்மையே அங்கேதான் மாறியது. அதற்கு முன் எழுதியவர்கள் பெரியவர்கள். பிள்ளைகளுக்கு இது பிடிக்கும் என்று ஊகித்து எழுதினார்கள். ஷூட்டர் ஊகிக்கவில்லை, அவனே பிள்ளை. அவன் கதைகளில் அந்தப் பசங்க ஒருவர்மேல் ஒருவர் சந்தேகப்பட்டார்கள், கோபப்பட்டார்கள், செத்தும் போனார்கள். 1967-ல் 353-வது இதழில் சூரியனை விழுங்க வரும் ஒரு ராட்சசனைத் தடுக்கப்போய் ஃபெரோ லேட் சாகிறான். தான் உண்டாக்கிய பாத்திரத்தை ஒரு வருஷம்கூட ஆகாமல் தானே கொன்றான். முகமூடி போட்ட அந்தப் பையனைக் கறுப்பினத்தவனாகக் காட்ட நினைத்ததாகவும், எடிட்டர் சம்மதிக்கவில்லை என்றும் ஷூட்டர் பின்னாளில் சொன்னார். உள்ளே போய்விட்டால் எல்லாம் நம் இஷ்டம் என்று நினைத்துவிடாதே.

அதே ஷூட்டர்தான் வளர்ந்து மார்வெல் கம்பெனிக்குத் தலைமை எடிட்டரானார். ஸ்பைடர்மேனுக்குக் கறுப்பு உடை தரலாம் என்று ஒரு வாசகர் எழுதியபோது அந்த யோசனையை 220 டாலருக்கு வாங்கியது அவர் காலத்தில்தான். வாசகன் அனுப்பும் கவருக்குள் என்ன இருக்கலாம் என்று அவருக்குத் தெரியாதா? 2025 ஜூனில் காலமானார்.

ரசிகர்களின் இன்னொரு வேலை ஞாபகம். ஓட்டைவிட, யோசனையைவிட இதுதான் தொடரை அதிகம் மாற்றியது என்பேன்.

1967-ல் ஷூட்டர் ஒரு கதை எழுதினார். வளர்ந்த சூப்பர்மேன், வளர்ந்துவிட்ட தன் பழைய கூட்டாளிகளைப் பார்க்கப் போகிறார். அங்கே இறந்துபோன வீரர்களுக்குச் சிலைகள். அதில் கெமிக்கல் கிங் என்று ஒரு சிலை, ஏழாம் உலகப் போரைத் தடுக்கப்போய் உயிரைவிட்டவன் என்று குறிப்பு. அப்போது அப்படி ஒரு பாத்திரமே தொடரில் கிடையாது. பதினைந்து வயதுப் பையன் போகிற போக்கில் போட்ட ஒரு கட்டம். வாசகர்கள் விடுவார்களா? அடுத்த வருஷமே கெமிக்கல் கிங் உறுப்பினராக வர வேண்டியதாயிற்று. வந்தவன் 1977-ல், சொன்ன மாதிரியே, ஏழாம் உலகப் போரைத் தடுத்துவிட்டுச் செத்தான். ஜாதகத்தில் எழுதிவிட்டார்கள், அப்புறம் எழுத்தாளர் என்ன செய்வார்?

நடுவில் தொடரே போக இருந்தது. 1969-ல் அட்வென்ச்சர் காமிக்ஸிலிருந்து தூக்கினார்கள். ஆக்‌ஷன் காமிக்ஸில் பின்பக்கக் கதை, பிறகு சூப்பர்பாயில் பின்பக்கக் கதை, அதுவும் எப்போதாவது. மன்றத்துக்குச் சொந்தக் கட்டடம் போய் வாடகைத் திண்ணை. அந்தச் சமயத்தில்தான், 1972-ல், ரசிகர்கள் நிஜமாகவே ஒரு மன்றம் ஆரம்பித்து, லீஜியன் அவுட்போஸ்ட் என்று ஒரு பத்திரிகை நடத்தினார்கள். அதே வருஷம் டேவ் காக்ரம் படம் வரைய வந்து எல்லாருக்கும் புது உடை மாட்டினார். அவரும் கடிதம் எழுதிக்கொண்டு, ரசிகர் பத்திரிகைகளுக்குப் படம் போட்டுக்கொண்டு இருந்தவர்தான். 1973-ல் இதழின் அட்டையிலேயே படையின் பெயர் ஏறிவிட்டது. சூப்பர்பாயின் சொந்தப் புத்தகத்தில் அவனையே விருந்தாளி ஆக்கிவிட்டார்கள். (காக்ரம் இந்தத் தொடருக்கென்று யோசித்த ஒரு உருவத்தை எடிட்டர் பார்க்க வேடிக்கையாக இருக்கிறது என்று தள்ளிவிட்டார். காக்ரம் அதை எடுத்துக்கொண்டு மார்வெலுக்குப் போனார். அதுதான் எக்ஸ்-மென்னில் வரும் நைட்கிராலர். தள்ளியவர் ராத்திரி தூங்கியிருப்பாரா என்று தெரியவில்லை.)

1976-ல் இன்டர்லாக் என்று ஒரு சுற்றுப் பத்திரிகை தொடங்கியது. கதையில் 30-ஆம் நூற்றாண்டில் பேசும் மொழிக்கு அந்தப் பெயர். ஒவ்வொரு உறுப்பினரும் தன் பக்கங்களைத் தானே அச்சடித்து ஒருவருக்கு அனுப்புவார். அவர் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி அனைவருக்கும் அனுப்புவார். யார் எப்போது சேர்ந்தார், யார் யாரைக் காதலித்தார், எந்தக் கிரகத்துக்கு எத்தனை நிலா என்று விவாதம் நடக்கும். இதைக் கிறுக்கு என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். ரசிகர்களிலிருந்து வந்த இன்னொருவர் பால் லெவிட்ஸ். பள்ளிக்கூட வயதிலேயே காமிக்ஸ் செய்திப் பத்திரிகை நடத்தியவர், எழுத்தாளராக வந்து 1980-கள் முழுக்க படையை நடத்தினார், பிற்காலத்தில் டிசி கம்பெனிக்கே தலைவரானார். அவரும் ஓவியர் கீத் கிஃபனும் 1982-ல் செய்த கிரேட் டார்க்னஸ் சாகா என்ற கதைதான் தொடரின் உச்சம் என்று பலர் சொல்வார்கள், நானும்தான். பழைய ஞாபகம் எல்லாம் அதில் உண்டு, ஆனால் புதிதாக வருபவனின் தலையில் இடிக்காது.

இதற்கு ஒரு விலையும் உண்டு, அதை மறைத்தால் தப்பு. இன்டர்லாக் உறுப்பினர்களாக இருந்த டாம், மேரி பியர்பாம் தம்பதி 1989-ல் கிஃபனோடு சேர்ந்து தொடரை எழுத வந்தார்கள். ரசிகர்கள் கையில் சாவியே வந்தது. என்ன நடந்தது என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். 1963-ல் செத்துப்போன லைட்னிங் லேடை (முதல் கதையில் வந்த லைட்னிங் பாய்தான், பிறகு பெயர் மாறியது) உயிர்ப்பிக்க இன்னொருவர் உயிர் கொடுக்க வேண்டும். சாட்டர்ன் கேர்ள் தயாராகிறாள். கடைசி நேரத்தில் புரோட்டி என்ற செல்லப் பிராணி அவளைப் போல உருமாறி வந்து தன் உயிரைக் கொடுத்துவிடுகிறது. சின்னப் பிள்ளைகளை அழவைத்த கதை. பியர்பாம்கள் காலத்தில், எழுந்து வந்தவன் லைட்னிங் லேடே இல்லை, அந்த உடம்புக்குள் இத்தனை வருஷமும் இருந்தது புரோட்டியின் உயிர்தான் என்று எழுதினார்கள். முப்பது வருஷம் படித்தவனுக்கு முதுகுத்தண்டு சில்லிடும். முதல் தடவை கையில் எடுப்பவனுக்கு? புரோட்டி யார், அவன் ஏன் அழுகிறான், இவள் யாருடைய பெண்டாட்டி, ஒன்றும் புரியாது. எனக்கு அந்த இதழ்கள் பிடிக்கும். ஆனால் யாருக்கும் இரவல் கொடுத்ததில்லை, கொடுத்துப் பயன் இல்லை.

இதற்கிடையில் 1986-ல் சூப்பர்மேன் கதையைத் திருத்தி எழுதியபோது, அவன் சூப்பர்பாயாக இருந்ததே இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். யாரைப் பார்த்து மன்றம் ஆரம்பித்தார்களோ அந்தத் தலைவரே இல்லை. அந்த ஓட்டையை அடைக்க ஒட்டுமேல் ஒட்டு. கடைசியில் 1994-ல் மொத்தத்தையும் அழித்து முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். பத்து வருஷம் கழித்து இன்னொரு தடவை. திறந்த கதவு வழியாக உள்ளே போனவர்கள், பின்னால் வருபவர்களுக்கு வழி விடாமல் நின்றுவிட்டார்கள் என்று ஒரு பக்கம் தோன்றும். அவர்கள் இல்லாவிட்டால் 1970-லேயே கடை மூடியிருக்கும் என்று இன்னொரு பக்கம் தோன்றும். எனக்கு இன்னும் தீரவில்லை.

நம் ஊரில் எப்படி என்று நீ கேட்பாய். முத்து காமிக்ஸ் 1972-ல் இரும்புக்கை மாயாவியோடு வந்தது, லயன் 1984-ல் வந்தது, இரண்டும் சிவகாசி. அவர்கள் போட்டது பெரும்பாலும் வெளிநாட்டுக் கதைகளின் தமிழாக்கம். அதனால் கதைக்குள் கைவைக்க நமக்கு வழி இல்லை. ஆனால் எதை அச்சடிப்பது என்பதில் வாசகன் குரல் பலமாகவே இருந்தது. இரத்தப் படலம் என்ற நீண்ட தொடரின் முழுத் தொகுப்பு வேண்டும் என்று வருஷக்கணக்கில் நச்சரித்து, முன்பணம் கட்டி, 2010-ல் வாங்கியே விட்டார்கள்.

தம்பி, வருகிற ஞாயிறு வீட்டுக்கு வா. பெட்டியில் படையின் பெயரிலேயே வந்த புத்தகத்தின் 290 முதல் 294 வரை ஐந்து இதழ் இருக்கிறது, அதுதான் 1982 கதை, அதை முதலில் எடு. 1989-க்குப் பிந்தைய கட்டு அடியில் இருக்கும், அதை இப்போதைக்குத் தொடாதே. அட்டை இல்லாத ஒன்று தனியாக ஒரு கவரில் கிடக்கும். கடிதப் பக்கத்தில் தேர்தல் அறிவிப்பைச் சுற்றி நான் பால்பாயிண்ட்டில் போட்ட வட்டம் இன்னும் அழியவில்லை.